மதுரைச் சித்திரைத் திருவிழா: கொடியேற்றம் முதல் அழகர் மலை திரும்பும் வரை ஒரு முழு வழிகாட்டி

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போக வேண்டும் என்பவர்களில் பலர் ஒரே ஒரு விடியலைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் வைகைக்கரையில் நின்று, தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும் கள்ளழகரைத் தொலைவிலிருந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, காலைப் பலகாரத்துக்குப் பிறகு ரயில் ஏறிவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது திருவிழாவின் ஒரு காட்சி மட்டுமே. அதைவிட நெருக்கமான, கூட்டம் குறைந்த, கதை நிறைந்த காட்சிகள் முன்னும் பின்னும் இருக்கின்றன.

சித்திரையில் மதுரையில் நடப்பவை உண்மையில் இரண்டு திருவிழாக்கள். ஒன்று மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் பன்னிரண்டு நாள் உற்சவம். மற்றது சுமார் 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலிலிருந்து, மீனாட்சியின் அண்ணனாகக் கருதப்படும் பெருமாளான கள்ளழகர் மதுரைக்கு வந்து திரும்பும் பயணம். சமயப் பிரிவு வேறு, நாள் பார்க்கும் கணக்கு வேறு, நடக்கும் கரை வேறு, வருகிற கூட்டமும் பெருமளவு வேறு. இதைப் புரிந்துகொண்டு திட்டமிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது.

முதல் வேலை: நாள் குறிப்பது

இரண்டையும் இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மதுரையின் மரபு. அவர் ஆட்சிக்காலம் 1623 முதல் 1659 வரை. அதற்கு முன் மீனாட்சி கோயிலின் தேர்த்திருவிழா மாசியில் நடந்தது. அழகர் சித்திரையில் ஆற்றில் இறங்கியது சோழவந்தான் பக்கத்துத் தேனூரில். தேர் இழுக்க ஆள் வேண்டியிருந்தது, அறுவடை முடிந்து குடியானவர்கள் ஓய்வாக இருக்கும் காலம் வேண்டியிருந்தது, சைவமும் வைணவமும் சேர வேண்டியிருந்தது என்று காரணங்கள் பல சொல்வார்கள். பழைய மாதத்தின் தடயம் இன்றும் தெருப்பலகையில் இருக்கிறது. சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்!

மாதம் ஒன்றானாலும் கணக்கு ஒன்றாகவில்லை. மீனாட்சி கோயில் நட்சத்திரத்தைப் பார்க்கிறது: திருக்கல்யாணம் உத்திரத்தில், தேர் அஸ்தத்தில், தீர்த்தவாரி சித்திரையில் வருகின்றன. அழகர் பௌர்ணமியைப் பார்க்கிறார். பௌர்ணமி எப்போதும் சித்திரை நட்சத்திரத்திலேயே அமைவதில்லை. சுவாதிக்கோ விசாகத்துக்கோ தள்ளிப்போகும். அதனால் தேருக்கும் ஆற்றில் இறங்குவதற்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024-இல் ஏப்ரல் 22 தேர், மறுநாளே அழகர் ஆற்றில். 2023-இல் மே 3 தேர், மே 5 அழகர் ஆற்றில். 2025-இல் மே 9 தேர், மே 12 அழகர் ஆற்றில். "தேருக்கு மறுநாள் அழகர்" என்று யாரோ சொன்னதை நம்பி டிக்கெட் எடுத்தால் ஏமாற வாய்ப்புண்டு.

ஆகவே பஞ்சாங்கத்தில் சித்ரா பௌர்ணமியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வரும் உத்திரத்தைக் கண்டுபிடித்தால் திருக்கல்யாண நாள் கிடைத்துவிடும். அதற்கு ஒன்பது நாள் முன்னால் கொடியேற்றம். இந்தக் கணக்கு விடுப்புக் கேட்கவும் ரயில் முன்பதிவுக்கும் போதும். நேரங்களுக்கு மட்டும் கோயில் வெளியிடும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். இரண்டு கோயில்களும் தனித்தனியாக வெளியிடும்; இரண்டும் வேண்டும்.

எந்தக் கரையில் தங்குவது

வைகைக்குத் தெற்கே மீனாட்சி கோயிலும் மாசி வீதிகளும். வடக்கே புதூர், தல்லாகுளம், கோரிப்பாளையம், ஆழ்வார்புரம். அழகர் வருவதும் போவதும் வடக்கில்தான். மீனாட்சி கோயில் பக்கம் அவர் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆற்றில் இறங்கும் இரவில் பாலங்களில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படும் அல்லது திருப்பிவிடப்படும். தென்கரையில் அறை எடுத்துவிட்டு நள்ளிரவில் தல்லாகுளம் போக ஆட்டோ தேடுவது வீண் முயற்சி.

திருக்கல்யாணம், தேர் இரண்டுக்கும் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில், டவுன்ஹால் ரோடு, மேலமாசி வீதிப் பக்கம் தங்குங்கள். கோயில் நடக்கும் தூரம். அழகருக்காகத் தல்லாகுளம், கோரிப்பாளையம், புதூர் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில்தான் தங்க முடியும் என்றால் வடகரையே நல்லது. பகலில் தெற்கே போய்வர முடியும். இரவில் வடக்கே வருவதுதான் கடினம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பதால் அறைகள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும்.

முதல் ஏழு நாள்: மாசி வீதி உலா

சுவாமி சன்னிதி முன்னுள்ள கம்பத்தடி மண்டபத்தில் கொடி ஏறியதும் தொடங்கும் இந்த நாட்களை வெளியூர்க்காரர்கள் பொதுவாகத் தவறவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ இவைதான் இனிமையான நாட்கள். வெயில் தாழ்ந்த பிறகு நான்கு மாசி வீதிகளிலும் வாசல் தெளித்துக் கோலமிட்டு, திண்ணையிலும் நாற்காலியிலும் அமர்ந்து, வாகனங்கள் வருவதற்காகக் காத்திருப்பார்கள். முதல் நாள் கற்பக விருட்சமும் சிம்மமும். இரண்டாம் நாள் பூதமும் அன்னமும். மூன்றாம் நாள் கைலாச பர்வதமும் காமதேனுவும். நான்காம் நாள் வில்லாபுரம் பாவக்காய் மண்டபத்துக்குத் தங்கப் பல்லக்கு. ஐந்தாம் நாள் தங்கக் குதிரை, ஆறாம் நாள் ரிஷபம், ஏழாம் நாள் நந்திகேசுவரரும் யாளியும்.

ஒரே ஒரு நாள் வர முடியும் என்றால் மூன்றாம் நாளுக்கு வாருங்கள். மலையைத் தூக்க முயலும் இராவணன் மேல் சுவாமி அமர்ந்து வருவதைக் குழந்தைகள் மறக்க மாட்டார்கள்.

எட்டும் ஒன்பதும்: அரசியும் போரும்

எட்டாம் நாள் மாலை அம்மன் சன்னிதி ஆறுகால் பீடத்தில் பட்டாபிஷேகம். மீனாட்சிக்கு ராயர் கிரீடம் சூட்டி, பாண்டியர்க்குரிய வேப்பம்பூ மாலை அணிவித்து, இரத்தினம் பதித்த செங்கோலைக் கையில் தருகிறார்கள். சித்திரை முதல் ஆவணி வரை நான்கு மாதம் மதுரை ஆட்சி அவளுடையது; ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரர் பட்டம் ஏற்று மற்ற எட்டு மாதத்தை ஆள்கிறார். வீட்டை ஆள்வது மனைவியா கணவனா என்பதை "மதுரையா, சிதம்பரமா" என்று கேட்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் திக்விஜயம். முடிசூடிய அரசி எட்டுத் திசைக் காவலர்களையும் வென்று கயிலை வரை போய், எதிரே நின்றவரைக் கண்டதும் போர் மறந்து நாணி நின்றாள் என்பது திருவிளையாடற் புராணக் கதை. அன்று மாலை மாசி வீதியில் இந்தப் போரை நடித்துக் காட்டுகிறார்கள். அம்மன் இந்திர விமானத்தில் வருவாள். வில்லும் அம்பும் இங்கும் அங்கும் போகும். முதலில் பட்டம், அடுத்து படையெடுப்பு, அதன் பிறகே கல்யாணம் என்ற வரிசையைக் கவனியுங்கள். மாப்பிள்ளை தேடி அலையும் வீடுகள் நிறைந்த ஊரில், அரசியாகி உலகை வென்ற பிறகு மணம் செய்துகொள்ளும் பெண்ணை மையமாக்கி ஒரு திருவிழா! இந்த இரு மாலைகளையும் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனால் அந்தக் கல்யாணமே வேறாகத் தெரியும்.

பத்தாம் நாள்: திருக்கல்யாணம்

வடக்கு ஆடி வீதியும் மேல ஆடி வீதியும் சேரும் இடத்திலுள்ள திருக்கல்யாண மண்டபத்தில், காலை எட்டரை மணியை ஒட்டி முகூர்த்தம். நுழைய இரண்டு வழிகள். அண்மை ஆண்டுகளில் 500 ரூபாய், 200 ரூபாய் என இரு வகைக் கட்டணச் சீட்டுகளைக் கோயில் இணையதளத்தில் முன்பதிவுக்கு விடுகிறார்கள். எந்தக் கோபுர வாசல் வழியாகப் போக வேண்டும் என்பது சீட்டைப் பொறுத்தது. கட்டணமின்றிப் போகிறவர்களுக்குத் தெற்குக் கோபுர வாசல். முதலில் வருவோர்க்கு முதலிடம் என்பதால் இருட்டிலேயே வரிசையில் நிற்க வேண்டும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை இருக்கிறது. அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வெளியேறும் நேரத்தில் கைபேசிப் பாதுகாப்பு அறையின் நெரிசல் தாங்காது.

யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து சுப்பிரமணியர் தெய்வானையுடன் பெற்றோர் கல்யாணத்துக்கு வந்திருப்பார். அங்கிருந்தே பவளக்கனிவாய்ப் பெருமாளும் வந்திருப்பார். தங்கையைத் தாரை வார்த்துக் கொடுப்பவர் அவர்தான். தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்ட அழகர் வழியில் தாமதமாகி, கல்யாணம் முடிந்த செய்தி கேட்டுக் கோபித்துக்கொண்டு வண்டியூர் போய்விட்டார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இன்னொரு பெருமாள் வந்து அண்ணன் கடமையை முடித்துவிடுகிறார் என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. அழகர் கோபம் நியாயமானதுதான்!

மங்கல நாண் பூட்டும் நொடியில் கோயிலுக்குள்ளும் வெளியே சித்திரை வீதிகளிலும் சுமங்கலிகள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். அதற்காக வருபவர்கள் புதுக் கயிறும் மஞ்சளும் குங்குமமும் கையோடு கொண்டுவருவது நல்லது. உள்ளே இடம் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். வெளியே பெரிய திரைகளில் காட்டுகிறார்கள், கயிறு மாற்றும் கூட்டத்தின் உணர்ச்சியும் அங்கேதான் அதிகம். கல்யாணம் என்றால் மொய்யும் விருந்தும் இல்லாமலா? மொய் எழுத இடம் உண்டு. சேதுபதி பள்ளியில் பக்தர்கள் தரும் அரிசியிலும் காய்கறியிலும் பெருங்கூட்டத்துக்குப் பந்தி நடக்கும். மாலையில் சுவாமி யானை வாகனத்திலும் அம்மன் பூப்பல்லக்கிலும் மாசி வீதிகளில் வருவதை நிதானமாகப் பார்க்கலாம்.

பதினொன்றாம் நாள்: தேர்

கீழமாசி வீதித் தேரடியில் கருப்பணசாமியை வணங்கிவிட்டு அதிகாலையில் வடம் பிடிப்பார்கள். முன்னால் சிறு சப்பரங்கள், பிறகு சுவாமி தேர், அதன்பின் அம்மன் தேர். நேர் வீதியில் நிற்பதைவிட மாசி வீதிகள் சந்திக்கும் முனையில் நில்லுங்கள். முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்துக்கு அருகே குனிந்து அந்தப் பாரத்தைத் திருப்பும் திறமை அங்கேதான் தெரியும். ஆனால் முனையிலுள்ள கடைப் படிக்கட்டில் ஏறி நில்லுங்கள். வடத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது. நிலைக்கு வர நண்பகலாகலாம். பன்னிரண்டாம் நாள் தீர்த்தவாரியோடு மீனாட்சியின் உற்சவம் நிறைவடைகிறது.

அழகர் புறப்பாடு

ஆற்றில் இறங்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, மாலையில் அழகர் மலையை விட்டுக் கிளம்புகிறார். 2024-இல் அது திருக்கல்யாண நாளாகவே அமைந்தது; 2025-இல் தீர்த்தவாரி நாளில் வந்தது. கண்டாங்கிப் புடவையும் கொண்டையும் வளரி என்ற எறி ஆயுதமுமாகக் கள்ளர் கோலம் பூண்டு, பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் விடைபெற்றுத் தங்கப் பல்லக்கில் வருவார். பின்னாலேயே உண்டியல் வண்டிகள் வரும். வழியில் பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன் திருப்பதி என ஊர் ஊராக மண்டகப்படிகள், அதாவது சுவாமி நின்று மரியாதை ஏற்கும் இடங்கள். போகவர நானூறுக்கும் மேல். ஒவ்வொரு மண்டகப்படிக்கும் பரம்பரை உரிமை உண்டு, உரிமைக்காரர் வீட்டில் அன்று கல்யாணக்களைதான்.

புறப்பாட்டைப் பார்க்க விரும்பினால் மதியமே அழகர்கோயில் போய்விடுங்கள். திரும்பும் வாகன ஏற்பாட்டைப் போவதற்கு முன்பே பேசிவையுங்கள்.

எதிர்சேவை: இதைத் தவறவிடாதீர்கள்

மறுநாள் விடியலில் அழகர் மூன்றுமாவடிக்கு வந்துசேர்வார். மதுரை மக்கள் எதிர்கொண்டு அழைக்கும் இந்த நிகழ்ச்சிதான் எதிர்சேவை. அன்று முழுவதும் மூன்றுமாவடி, புதூர், ரிசர்வ் லைன், தல்லாகுளம் என்று மெல்ல நகர்ந்து வருவார். என்னைக் கேட்டால், முழுத் திருவிழாவிலும் ஒரு நாளைத் தேர்ந்தெடு என்றால் இதைத்தான் சொல்வேன். ஆற்றில் ஒரு முறை, தொலைவில் காணும் அழகரை இன்று ஒரே சாலையில் நான்கைந்து இடங்களில், பத்தடித் தூரத்தில் பார்க்கலாம்.

வேண்டுதல்காரர்களையும் நெருங்கிப் பார்க்கலாம். சிவப்பும் மஞ்சளுமாகச் சல்லடம் கட்டி, தலையில் உருமால் கட்டி, கையில் திரி ஏந்தி ஆடுவோர், சாட்டையடித்து ஆடுவோர், துருத்தி நீர் தெளிப்போர் என்று பல வகை. செம்பில் சர்க்கரை நிரப்பி வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக் காட்டும் பெண்கள் வழியெங்கும் நிற்பார்கள். ஆரத்தி முடிந்ததும் அந்தச் சர்க்கரை பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான். நீர்மோர், பானகம், தண்ணீர்ப் பந்தல் அடிக்கு ஒன்று இருக்கும். புட்டியில் தண்ணீர் சுமக்கத் தேவையில்லை. தொப்பியும் துண்டும் அவசியம்.

அன்றிரவு தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் திருமஞ்சனம். அழகருக்கு அழகர்மலை நூபுர கங்கைத் தீர்த்தத்தில் மட்டுமே நீராட்டு என்பதால் தண்ணீரும் மலையிலிருந்து வருகிறது. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை அணிந்துகொள்கிறார். மாலிருஞ்சோலை நம்பிக்கு, அதாவது இந்த அழகருக்கே, நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டவள் அவள். அந்த உறவு ஆண்டுதோறும் மாலையாக வந்துசேர்கிறது. நள்ளிரவுக்குப் பின் தங்கக் குதிரை வாகனத்தில் கருப்பணசாமி கோயில் முன்னுள்ள ஆயிரம் பொன் சப்பரத்துக்கு வருவார். ஆறு வேண்டாம், கூட்டம் தாங்காது என்பவர்கள் தங்கக் குதிரையை இங்கேயே பார்த்துவிட்டுப் படுக்கப் போகலாம்.

ஆற்றில் இறங்கும் விடியல்

இடம் ஆழ்வார்புரம், ஏ.வி. பாலத்துக்கு அருகே. நேரம் காலை ஆறு மணியை ஒட்டி. முன்னதாகவே வந்து காத்திருக்கும் வீரராகவப் பெருமாள் வெள்ளிக் குதிரையில் வரவேற்பார். வைகை அணையிலிருந்து இதற்காகத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். என்ன நிறப் பட்டு என்பதுதான் ஊர் முழுவதும் கேட்கும் கேள்வி: பட்டுப் பெட்டிக்குள் கைவிட்டுப் பட்டர் எடுக்கும் பட்டு எந்த நிறமோ அதுவே அந்த ஆண்டின் பலன். பச்சை என்றால் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை.

இங்கே மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022-இல் இந்த நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகளை ஆற்றுக்குள் அழைத்துப் போகாதீர்கள். எதிர்சேவை அவர்களுக்கு ஏற்றது. போகிறவர்கள் அதிகாலை மூன்று மணிக்குள் இடம் பிடித்து, ஆற்றில் அழகர் வந்து நிற்கும் மண்டபத்துக்கு எதிரே நெருங்காமல் ஆற்றின் நடுப்பகுதியில் விலகி நில்லுங்கள். அழகர் இறங்கிய உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் கரையேறப் பார்ப்பார்கள். அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே இருங்கள். நகை வேண்டாம். கூட்டாக வந்தவர்கள் பிரிந்தால் எங்கே சேர்வது என்று முன்பே பேசிவையுங்கள். கைபேசிக்குத் தொடர்பு கிடைக்காமல் போகும்.

பிறகு வெயில் ஏறியதும் அழகர் ராமராயர் மண்டபம் வருவார். அங்கே பக்தர்கள் தண்ணீர் பீய்ச்சி அவரைக் குளிர்விக்கிறார்கள். ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிச் சிறு குழாய் வழியே பீய்ச்சுவதுதான் வழக்கம். இடையில் விசைப் பம்பும் வேதிப்பொருள் கலந்த நீரும் புகுந்ததால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்குத் தடை விதித்தது. வேண்டுதல் உள்ளவர்கள் அந்த ஆண்டு முன்பதிவு தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் போன பிறகு

அன்றிரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் அழகர் தங்குகிறார். அவருடைய முஸ்லிம் நாயகியாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியாரைப் பார்க்கப் போகிறார் என்பது மக்கள் வழக்கு. ஆட்டோக்காரரிடம் வெறுமனே "வண்டியூர்" என்று சொல்லாதீர்கள். மாரியம்மன் தெப்பக்குளத்தில் கொண்டுபோய் இறக்கிவிடக் கூடும்.

மறுநாள் தேனூர் மண்டபம். அழகர் ஆற்றில் இறங்குவதற்குக் கோயில் சொல்லும் காரணம் தங்கை கல்யாணம் அல்ல. துர்வாசர் சாபத்தால் தவளையான சுதபஸ் முனிவருக்கு, அதாவது மண்டூக முனிவருக்கு, சாப விமோசனம் தருவதே. பகலில் கருட வாகனத்தில் அது நடக்கிறது. பழைய இடமான தேனூரின் பெயர் இந்த மண்டபத்துக்கு இருப்பதும், தேனூர் மக்களுக்கு இங்கே மரியாதை இருப்பதும் நாயக்கர் காலத்து இடமாற்றத்தின் மிச்சம்.

இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். முத்தங்கி சேவையில் தொடங்கி மச்சம், கூர்மம், வாமனம், ராமர், கிருஷ்ணர் என்று ஒவ்வொரு கோலமாக மாறி, விடியலில் மோகினியாக நிற்பார். ஒவ்வொரு அலங்காரத்துக்கும் நடுவில் காத்திருப்பு உண்டு என்பதால் பாயும் போர்வையுமாகக் குடும்பத்தோடு வந்து படுத்திருப்பவர்களைப் பார்க்கலாம். நீங்களும் ஒரு பாய் கொண்டுபோங்கள்.

அதற்கு அடுத்த இரவு தல்லாகுளம் சேதுபதி மண்டபத்திலிருந்து நள்ளிரவு தாண்டிப் பூப்பல்லக்கு. அதன்பின் அழகர் வந்த வழியே மண்டகப்படிகளைக் கண்டபடி மலைக்குத் திரும்பிவிடுவார்.

இரண்டு நாள் மட்டுமே உள்ளவர்களுக்கு என் யோசனை: எதிர்சேவை நாள் காலையில் மூன்றுமாவடிக்கு வந்துவிடுங்கள், இரவு ஆயிரம் பொன் சப்பரம் பாருங்கள், மறுநாள் காலை ஆற்றுக்குப் பதிலாக ராமராயர் மண்டபம் போங்கள். தேரும் அழகரும் அடுத்தடுத்த நாளில் வரும் ஆண்டாக இருந்தால் நான்கு நாளில் திருக்கல்யாணம் முதல் தேனூர் மண்டபம் வரை பார்த்துவிடலாம். இடைவெளி நீளும் ஆண்டில் நடுவில் ஒரு நாள் திருப்பரங்குன்றத்துக்கு ஒதுக்குங்கள்.

அழகர் திரும்பிய பிறகு மலைக்கோயிலுக்கும் ஒரு நடை போய்வருவது நல்லது. கருப்பணசாமி சன்னிதியில் சிலையைத் தேட வேண்டாம். சந்தனம் சாத்திய கதவுகளுக்கே வழிபாடு. மலைமேல் பழமுதிர்ச்சோலை முருகனும் நூபுர கங்கையும் இருக்கிறார்கள். ஏறக் கோயில் வாகனம் உண்டு. வாழைப்பழத்தையும் மூக்குக்கண்ணாடியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே குரங்குகள் அதிகம்.